காரணம்: மற்றவை

இரவு இரண்டு நாற்பது.
செந்தூல், பதினான்காவது மாடி.
மடிக்கணினிக்குப் பக்கத்தில்
ஆறி ஆடை படிந்த மைலோ.
நான் எழுப்ப வேண்டியவை எண்பத்தாறு.
எல்லாம் பினாங்கில், பாயான் லெப்பாஸில்,
விளக்கணைத்த ஓர் அலுவலகத்தில்
மேசைகளுக்கு அடியில் தூங்குகின்றன.

தூக்கம் என்றா சொன்னேன்?
முழுத் தூக்கம் இல்லை அது.
முதுகில் கம்பி செருகிய இடத்தில்
ஒரு பச்சைப் புள்ளி மினுங்கிக்கொண்டே இருக்கும்.
உடம்பெல்லாம் ஓய்ந்த பின்னும்
காது வேலையில் இருக்கும்.
கைக்குழந்தைக்காரிகள் அப்படித்தான் தூங்குவார்கள்.

எழுப்பும் முறை எளிது.
முதலில் ஒரே எழுத்து, பன்னிரண்டு தடவை,
கூப்பிடும் முன் தொண்டையைச் செருமுவதுபோல்.
பிறகு அதன் பெயர்,
தொழிற்சாலையிலேயே பொறித்து அனுப்பிய பெயர்,
பதினாறு தடவை,
மூச்சு விடாமல்.
அறையில் எல்லாவற்றுக்கும் கேட்கும்.
பெயருக்கு உரியது கண் விழிக்கும்,
மற்றவை புரண்டுகூடப் படுக்காது.
பதினாறு எதற்கு என்று முன்பெல்லாம் யோசித்ததுண்டு.
மகனைப் பள்ளிக்கு எழுப்பத் தொடங்கிய பின்
யோசிப்பதில்லை.

ஒரு சிக்கல்,
இந்தக் கூப்பாடு கடல் தாண்டாது.
அலுவலகத்து வாசலோடு நின்றுவிடும்.
அதனால் அங்கே ஒன்றை மட்டும் தூங்கவே விடுவதில்லை.
ஏழு வருடப் பழசு, இரைகிற காற்றாடி,
யாரும் உட்காராத மூலை.
நான் அதனிடம் சொல்வேன்.
அது உள்பக்கம் திரும்பிக் கூவும்.

இன்றும் கூவியது.
மூன்று, இருபது, அறுபது என்று
நான் ஒருநாளும் போயிராத அந்த அறை
என் பட்டியலில் பச்சையாகிக்கொண்டே வந்தது.
எண்பத்தைந்து.

முப்பத்தொன்றாம் மேசை எழவில்லை.
மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும்.
தூங்குகிறவனை எழுப்பலாம்,
தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள்.
இயந்திரத்துக்கு நடிக்கத் தெரியாது.
இது மூன்றாவது வகை.

கீழ்த்தளத்துக் காவலர் டம்பரை அழைத்தேன்.
நேபாளத்துக்காரர். என் மலாயும் அவர் மலாயும்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படியேறின.
தொலைபேசியில் சாவிக்கொத்து, மூச்சு, பூட்ஸ்.
பிறகு, "லாம்பு தாக் ஆடா, காக்."
பச்சைப் புள்ளி இல்லையாம்.
சுவிட்சைப் பாருங்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
சுவிட்ச் சரி, பிளக்தான் வேறு என்றார்.
"இக்கான், காக்."

மீன்.

கணக்குப் பிரிவு பெய் லிங்
நான்கு நாள் விடுப்பில் ஈப்போ போயிருக்கிறாள்.
போகுமுன் கணினியைப் பிடுங்கிவிட்டு
அதே துளையில்
மீன்தொட்டிக்குக் காற்றூதும் மோட்டாரைச் செருகியிருக்கிறாள்.
ஊறுகாய் ஜாடி அளவுதான் தொட்டியாம்.
சுவரில் ஒரு சீட்டு, மேலே சீன எழுத்து,
கீழே மலாயில் கழற்றாதே என்று,
மூன்று ஆச்சரியக்குறிகளோடு.
கழற்றட்டுமா என்று கேட்டார் டம்பர்.
இருபத்தைந்து நிமிட வேலை.
அதுவரை மீன் தாங்கும், எனக்கே தெரியும்.
வேண்டாம் என்றேன்.
அவர் மூச்சு விட்டது செந்தூல் வரை கேட்டது.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு:
எழாததற்குக் காரணம்.
கருவிப் பழுது, கம்பிக் கோளாறு, மின்வெட்டு.
மீன் இல்லை.
'மற்றவை'யை அழுத்தினேன்.

நாலரைக்கு எண்பத்தைந்தையும் தூங்கச் சொன்னேன்.
அதற்குப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்,
மொத்தமாய் ஒரு கட்டளை போதும்.
டம்பர் படம் அனுப்பியிருந்தார்.
டார்ச் வெளிச்சத்தில் நீல வால்,
நடுத்தண்ணீரில் அசையாமல்.
கீழே, "டிடோர்." தூங்குகிறதாம்.
கண் திறந்துதான் இருந்தது.
பக்கத்தில் ஒரு குமிழி
மேலே போகிற வழியில்
பாதியில் நின்றிருந்தது.